கத்தரிக்காய்க்கு அடிக்கிற மருந்தும், மரபணு மாத்தின சாப்பாட்டுப் பயமும்

களுதாவளையில என்ட மாமா ஒராள் கத்தரி செய்றவர். மணல் தரை, கிணத்துத் தண்ணி, அந்தப் பக்கம் மரக்கறி எப்பிடி வரும் எண்டு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அவர்ட வளவுக்குப் பின்னால ரெண்டு இடத்தில கத்தரி நிக்கும். பெரிய துண்டு சந்தைக்கு. கிணத்தடியோட ஒரு சின்னப் பாத்தி, இருபது முப்பது மரம், அது வீட்டுக்கு. பெரிய துண்டுக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் மருந்தடிப்பார், புழு கூடினா மூணாவது தரமும் அடிப்பார். வீட்டுப் பாத்திக்கு ஒரு சொட்டும் அடிக்க மாட்டார். அதில ஆயிற காயில பாதி புழுக் குத்தினது, மாமி புழு போன பக்கத்தச் சீவி எறிஞ்சுபோட்டு மிச்சத்த வெட்டி மஞ்சள் தண்ணியில போடுவா.

மாமா கெட்ட மனிசன் இல்ல. ஒரு மூட்டையில நாலு காய் ஓட்டை விழுந்து கிடந்தா யாவாரி மூட்டைய அப்பிடியே தள்ளி வைப்பான், அவன் ஏன் தள்ளி வைக்கிறான் எண்டா மட்டக்களப்பு மாக்கட்டில நானும் நீங்களும் அந்தக் காயத் தொட மாட்டம். ஓட்டை இல்லாத கத்தரிக்காய் வேணும் எண்டு கேட்டது நாங்க, அதுக்கு மருந்தடிச்சுத் தாறது அவர்.

கொஞ்ச நாளைக்கு முன்னுக்கு அவர் போனில வந்த ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டுக் காட்டினார். "மனே, இத ஒருக்காக் கேளு" எண்டார். மரபணு மாத்தின நெல்லும் சோளனும் கத்தரியும் நாட்டுக்குள்ள வரப்போகுதாம், சாப்பிட்டா பிள்ளப்பேறு இல்லாமப் போகுமாம், கான்சர் வருமாம், ஏற்கனவே கடையில விக்கிற பப்பாசி எல்லாம் அதுதானாம். கேட்டுப்போட்டு மனிசன் மெய்யாவே பயந்திட்டார். அந்தப் பயத்த நான் லேசா எடுக்கல்ல, விதைக்காரனும் மருந்துக்காரனும் சொன்னத நம்பி நம்மட சனம் பட்ட பாடு கொஞ்சம் இல்ல. ஆனா அந்த மெசேஜில சொன்னதில பாதி பிழை, மிச்சம் பாதி ஒண்டோடொண்டு கலந்து கிடக்கு, அதுதான் பிரிச்சு எழுதுவம் எண்டு பாத்தன்.

முதல்ல பப்பாசி. நம்மட பக்கம் தோட்டத்தில நிக்கிற ரெட் லேடி பப்பாசி மரபணு மாத்தினது இல்ல. அது தாய்வான் விதைக் கொம்பனி ஒண்டு ரெண்டு இனத்தக் கலந்து எடுத்த ஹைபிரிட், சாதாரணமா மகரந்தம் சேத்து எடுத்ததுதான். மெய்யாவே மரபணு மாத்தின பப்பாசியும் உலகத்தில இரிக்கு, பேர்போனது ஹவாயில. அங்க வளையப்புள்ளி வைரஸ் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்ச நேரம் டெனிஸ் கொன்சால்வெஸ் எண்ட விஞ்ஞானிட குழு அந்த வைரஸ்ட ஜீனில, அதாவது மரபணுவில, ஒரு துண்டையே பப்பாசிக்குள்ள வச்சு நோய்க்குத் தாக்குப்பிடிக்கிற மரம் எடுத்தாங்க, ரெயின்போ எண்டு பேர், 1998ல விவசாயிகளுக்கு விதை குடுத்தாங்க. அம்மைக்கு ஊசி போடுற மாதிரி எண்டு வச்சுக்கொள்ளுங்களன், சரியா அதே வேலை இல்லாட்டியும் விளங்குறதுக்கு அது போதும். விதையில்லாத வத்தகப்பழமும் மரபணு மாத்தினது இல்ல, அது ஜீன் சேந்து கிடக்கிற குரோமோசோம்ட எண்ணிக்கையக் கூட்டி, கலந்து எடுக்கிறது. வயல் வட்டையில விதைக்கிற பிஜி 352, பிஜி 358, ஏடி 362 ஒண்டும் மரபணு மாத்தின நெல்லு இல்ல. பிஜி எண்டா பத்தலகொட, ஏடி எண்டா அம்பலாந்தோட்டை, அந்த அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களில பூவோட பூவக் கலந்து, வருசக் கணக்கா தெரிவு செய்து எடுத்த இனங்கள். முந்நூறில தொடங்கினா மூணு மாசம், முந்நூத்தம்பதுக்கு மேல போனா மூண்டரை மாசம் எண்டு வயசையே பேரில வச்சிருக்காங்க. இலங்கையில இண்டு வரைக்கும் மரபணு மாத்தின பயிர் ஒண்டும் யாவாரத்துக்குச் செய்ய விடல்ல.

அப்ப மரபணு மாத்திறது எண்டா என்ன? ஒரு உயிர்ட உடம்பில எந்தப் புரதத்த எப்பிடிச் செய்யிறது எண்டு எழுதின எழுத்துத்தான் ஜீன். கலப்பினம் எடுக்கிற நேரம் ரெண்டு கத்தரிட எழுத்து முழுக்கக் கலையுது, எது வரும் எது போகும் எண்டு வளத்துப் பாத்துத்தான் தெரியும். மரபணு மாத்திற நேரம் வேற ஒரு உயிர்ல இருந்தோ அதே இனத்தில இருந்தோ ஒண்டு ரெண்டு ஜீன மட்டும் வெட்டி எடுத்து வைக்கிறாங்க. அத உள்ள கொண்டுபோறதுக்கு அக்ரோபக்டீரியம் எண்டு மண்ணில இருக்கிற ஒரு கிருமியப் பாவிப்பாங்க, அந்தக் கிருமி மனிசன் கண்டுபிடிக்க முன்னமே செடிக்குள்ள தன்ட ஜீன ஏத்திற வேலையச் செய்துகொண்டுதான் இருந்தது. நம்மட ஆஸ்பத்திரிக் கிளினிக்கில சீனி வருத்தக்காரருக்குக் குடுக்கிற மனித இன்சுலினும் இந்தத் தொழில்நுட்பத்திலதான் வருது. மனிசன்ட இன்சுலின் ஜீன பக்டீரியாக்குள்ள வச்சு எடுத்த இன்சுலின் 1982ல அமெரிக்காவில அனுமதி பெத்தது, அதுக்கு முன்னம் பண்டியிட, மாட்டிட கணையத்தில இருந்து எடுத்தாங்க. வயித்தில தினமும் அந்த ஊசியக் குத்திக்கொள்ற உம்மாமார், அம்மாமார் எத்தின பேர் நம்மட ஊருகளில. இதச் சொல்றது அப்பிடியெண்டா எல்லாம் நல்லம் எண்டு காட்ட இல்ல, மருந்து வேற சாப்பாடு வேற. தொழில்நுட்பம் ஒண்டுதான், அதால என்னத்தச் செய்றம் எண்டது வேற வேற எண்டு சொல்லத்தான்.

சாப்பிட்டா என்ன ஆகும் எண்ட கேள்விக்கு வருவம். 1996ல இருந்து பெரிய அளவில இந்தப் பயிர்கள் செய்றாங்க, 2019ல 29 நாட்டில ஏறக்குறைய 19 கோடி ஹெக்டயர், உலகத்து சோயாவில முக்கால்வாசிக்குக் கிட்ட மரபணு மாத்தினது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அக்கடமி 2016ல நூற்றுக்கணக்கான ஆய்வுகளக் கிண்டிப் பாத்து ஒரு அறிக்கை விட்டது. இண்டைக்குச் சந்தையில இருக்கிற மரபணு மாத்தின சாப்பாடு சாதாரணப் பயிர்ல வாற சாப்பாட்ட விட மனிசருக்குக் கூட ஆபத்து எண்டதுக்கு ஆதாரம் இல்ல எண்டதுதான் அவங்கட முடிவு. அதே அறிக்கை புதுசா வாற ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாப் பாக்கத்தான் வேணும் எண்டும் சொல்லிச்சு. இந்த ரெண்டாவது பகுதிய ஆதரிக்கிறவங்களும் சொல்றதில்ல, எதிர்க்கிறவங்களும் சொல்றதில்ல.

தனித்தனியாப் பாக்கணும் எண்டதுக்கு ஒரு நல்ல உதாரணம் இரிக்கு. தொண்ணூறுகளில ஒரு அமெரிக்க விதைக் கொம்பனி, கால்நடைத் தீனிக்குச் சத்துக் கூட்டுவம் எண்டு பிரேசில் கொட்டையில இருந்து ஒரு ஜீன எடுத்து சோயாக்குள்ள வச்சது. பிரேசில் கொட்டை சில பேருக்கு அலர்ஜி. ஆய்வுகூடத்தில சோதிச்சுப் பாத்தா அந்த அலர்ஜி சோயாக்கும் வந்திருச்சு, அந்த முடிவு 1996ல வெளிவந்தது, சோயா சந்தைக்கு வரவே இல்ல. அதாவது ஆபத்து வரலாம் எண்டதும் மெய், சோதிச்சாப் பிடிபடும் எண்டதும் மெய். மறுகா 2000ல ஸ்டார்லிங்க் எண்ட சோளன், மாட்டுத்தீனிக்கு மட்டும் எண்டு அனுமதி குடுத்தது, மனிசர் சாப்பிடுற சாமானுக்குள்ள கலந்து கிடந்ததக் கண்டுபிடிச்சு கடையெல்லாத்திலயும் இருந்து சாமானத் திரும்பி எடுத்தாங்க. பெரிய நோய் ஒண்டும் அதால வந்ததா நிரூபிக்கல்ல, ஆனா தீனிச் சோளன் ஒரு பக்கம் சாப்பாட்டுச் சோளன் மறுபக்கம் எண்டு கடதாசியில எழுதி வச்சது களஞ்சியத்தில நிக்கல்ல எண்டது தெரிஞ்சுபோச்சு. களவட்டியில ரெண்டு இன நெல்லு கலக்காம வச்சுக்கொள்றது எவ்வளவு கஷ்டம் எண்டு நம்மட ஆக்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்ல.

இன்னொரு பக்கமும் சொல்லணும், பழைய முறையில எடுத்தா எல்லாம் பயமில்ல எண்டு ஒரு எண்ணம் நம்மட்ட இரிக்கு. 1967ல லெனாப்பே எண்டு ஒரு உருளைக்கிழங்கு, சாதாரணமாக் கலந்து எடுத்ததுதான், பொரியலுக்கு நல்லம் எண்டு விட்டாங்க, அதில சொலனின் எண்ட இயற்கை நஞ்சு கூடிக் கிடந்து 1970ல திருப்பி எடுத்தாங்க. மரவள்ளிக்கிழங்கில சயனைட் இரிக்கு, அதாலதான் நம்மட அம்மாமார் மூடாம அவிப்பாங்க, கிழங்கோட இஞ்சி சேத்துச் சாப்பிடாத எண்டு ஏசுவாங்க. இயற்கையா வந்தது எண்டதும் செயற்கையா வந்தது எண்டதும் நஞ்சு இருக்கா இல்லையா எண்டதுக்குப் பதில் இல்ல.

அந்த வொய்ஸ் மெசேஜோட ஒரு படமும் சுத்துது, உடம்பு முழுக்கக் கட்டி வந்த எலிட படம். அது, மரபணு மாத்தின சோளன் குடுத்த எலிகளுக்குக் கட்டி வந்தது எண்டு பிரான்ஸில செராலினி எண்டவர்ட குழு 2012ல வெளியிட்ட ஆய்வில இருந்து வந்தது. அவர் பாவிச்ச எலி இனம் வயசு போகப் போக சும்மாவே கட்டி வாற இனம், ஒவ்வொரு குழுவிலயும் பத்து எலிதான், அத வச்சு அப்பிடி முடிவு சொல்லேலாது எண்டு அந்தச் சஞ்சிகையே 2013ல கட்டுரையத் திருப்பி எடுத்திட்டு. பிறகு வேற சஞ்சிகை ஒண்டில போட்டார். படம் மட்டும் இண்டைக்கும் போனுக்குப் போன் போகுது. தக்காளிக்குள்ள மீன்ட ஜீன் எண்டு ஒரு கதையும் வரும், அப்பிடி ஒரு பரிசோதனை தொண்ணூறுகளிட தொடக்கத்தில நடந்தது மெய், குளிருக்குத் தாக்குப்பிடிக்குமா எண்டு பாத்தாங்க, சரிவரல்ல, ஒரு தக்காளியும் கடைக்கு வரல்ல.

இனி மாமாட கத்தரிக்கு வருவம், என்னைக் கேட்டா நம்மட மாவட்டத்துக்கு இதுதான் முக்கியமான இடம்.

கத்தரிக் குருத்து ஒண்டு திடீரெண்டு தலையத் தொங்கப்போடும். அத நகத்தால கிள்ளிப் பிளந்தா உள்ளுக்குள்ள வெளிர் ரோசாக் கலர்ல ஒரு புழு நெளியும். காயில எண்டா வெளியில ஊசித் துவாரம் மாதிரி ஒண்டுதான் தெரியும், அதையும் தன்ட எச்சத்தால அடைச்சு வச்சிருக்கும், வெட்டினாத்தான் உள்ள சுரங்கம் சுரங்கமாப் போனது விளங்கும். முட்டையில இருந்து வந்த புழு கொஞ்ச மணித்தியாலத்தில உள்ள போயிரும், போன பிறகு மேல என்னத்த அடிச்சாலும் அதுக்குப் படாது. அதாலதான் கிழமைக்கு ரெண்டு தரம், மூணு தரம், பொரிச்ச உடனே பிடிக்கணும் எண்டு அடிச்சுக்கொண்டே இருக்கணும். மருந்துப் போத்தல்ல அடிச்சு இத்தனை நாளைக்குப் பிறகுதான் ஆயலாம் எண்டு எழுதி இரிக்கு, ஆனா கத்தரி நாலு நாளைக்கு ஒருக்கா ஆயாட்டி முத்திப்போகும். அந்தக் கணக்கு எந்தக் காலத்திலயும் சரிவராது, இத எழுதினவங்களுக்கும் தெரியும், விக்கிறவங்களுக்கும் தெரியும்.

பி.டி. கத்தரி எண்டது இந்தப் புழுவுக்கு எண்டே எடுத்தது. பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் எண்டு மண்ணில ஒரு பக்டீரியா, அது செய்ற புரதம் சில வகைப் புழுவிட குடலுக்குள்ள போனா குடல் சுவர்ல ஒட்டி ஓட்டை போட்டிரும். புழுவிட குடல் காரத்தன்மை, அதிலதான் அந்தப் புரதம் வேலைக்கு வரும், ஒட்டிப்பிடிக்கிற இடமும் புழுவிட குடல்லதான் இரிக்கு. நம்மட வயிறு அமிலம், ஒட்டிப்பிடிக்க இடமும் இல்ல, மத்தப் புரதம் மாதிரிச் செமிச்சுப் போகும். இதே பக்டீரியாவத் தண்ணியில கரைச்சு இயற்கை விவசாயம் செய்றவங்களும் கனகாலமாத் தெளிக்கிறாங்க. தெளிக்காம செடியே அந்தப் புரதத்தச் செய்யட்டும் எண்டு ஜீன உள்ள வச்சதுதான் பி.டி. பயிர்.

இந்தியாவில 2009 ஒக்டோபர்ல நிபுணர் குழு பி.டி. கத்தரிக்கு ஓம் எண்டிச்சு. அப்ப சுற்றாடல் அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரத்தில பொதுமக்கள் கூட்டம் வச்சு எல்லாருட கதையும் கேட்டுப்போட்டு 2010 பெப்ரவரியில நிப்பாட்டி வச்சார். நிப்பாட்டினது நிப்பாட்டினபடி. பங்களாதேஷ் 2013ல அனுமதி குடுத்து, 2014 ஜனவரியில 20 விவசாயிகளுக்கு நாத்துக் குடுத்தாங்க, பிறகு அது ஆயிரக்கணக்காப் போச்சு. மருந்து அடிக்கிறது குறைஞ்சது, விளைச்சல் கூடினது எண்டு அங்க வயல்ல செய்த ஆய்வுகள் சொல்லுது, சாறு உறிஞ்சிற பூச்சிகளுக்கு இன்னும் மருந்து அடிக்கத்தான் வேணும், முழுக்க நிக்கல்ல. என்ட மனசில நிக்கிறது இன்னொண்டு. அங்க அந்த விதைய எடுத்தது அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிறுவனம், அவங்கட ஊர்க் கத்தரி இனங்களுக்குள்ளயே ஜீன வச்சாங்க, ஹைபிரிட் இல்ல, விவசாயி தன்ட பழத்தில இருந்து விதை எடுத்து அடுத்த போகத்துக்குப் போடலாம். இந்தியாவில 2002ல வந்த பி.டி. பருத்தி அப்பிடி இல்ல, ஹைபிரிட் விதை, அதில எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது, ஒவ்வொரு முறையும் கடைக்குப் போகணும். ஜீன் கிட்டத்தட்ட ஒண்டுதான், ஆனா ஒராள் விதைக்கு உடமைக்காரன், மத்தாள் வாடிக்கையாளன்.

இத நான் மாமாட்டச் சொன்னன். பயமில்லையா எண்டு அவர் கேக்கல்ல. "விதை எடுத்து வைக்கலாமா?" எண்டதுதான் முதல் கேள்வி. பங்களாதேஷ்க் கத்தரி எண்டா எடுக்கலாம் எண்டன். கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "எத்தின வருசத்துக்குப் புழு விழாது?" எண்டார். மருந்துக்கடையில வருசத்துக்கு வருசம் புதுப் போத்தல் வாங்கின மனிசனுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

பதில், நாங்க எப்பிடிப் பாவிக்கிறம் எண்டதில இரிக்கு. இந்தியாவில பருத்திக்கு வாற இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டிக்குப் பழகிப்போச்சு, குஜராத்தில 2010ல அத உறுதிப்படுத்தினாங்க. வயல்ல ஒரு பங்குக்குச் சாதாரணப் பருத்தி போடணும், பழகாத புழு அதில உசிரோட இருந்து பழகின புழுவோட சேந்து வலுவக் குறைக்கும், அதுதான் திட்டம். ஏக்கர்க் கணக்கில கொஞ்சமா வச்சிருக்கிறவன் ஒரு பங்கப் புழுவுக்கு விட்டுக் குடுப்பானா? விடல்ல. களுதாவளையில கால் ஏக்கர்ல கத்தரி செய்றவனும் விடமாட்டான், அதுக்கு ஒரு வழி முதல்லயே யோசிக்காம விதையக் கொண்டு வந்தா அஞ்சாறு வருசத்தில பழைய போத்தலுக்குத்தான் திரும்பிப் போவம்.

சோளனுக்கும் இதே கதை. 2018 பெரும்போகம் அம்பாறைப் பக்கம் சோளன் போட்டவங்களுக்கு மறக்காது. குருத்த விரிச்சுப் பாத்தா ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அதுக்குள்ள தலையில கவட்டைக் கம்பத் தலைகீழா வச்ச மாதிரிக் கோடு போட்ட புழு, சேனா படைப்புழு. அமெரிக்காக் கண்டத்துப் புழு, ஆப்பிரிக்கா வந்து, இந்தியா வந்து, இஞ்ச வந்திச்சு. பி.டி. சோளன் இருந்திருந்தா எண்டு அப்ப சில பேர் கதைச்சாங்க. உதவி செய்திருக்கும்தான். ஆனா இந்தப் புழுதான் போர்ட்டோ ரிக்கோவில ஒரு பி.டி. சோளன கொஞ்சப் போகத்திலயே தோக்கடிச்சது, அந்த விதைய அங்க விக்கிறதையே நிப்பாட்டினாங்க.

புழுவுக்கு எடுத்த பயிர் ஒரு வகை. களைக்கொல்லி அடிச்சாலும் சாகாத பயிர் இன்னொரு வகை, உலகத்தில கூடுதலாச் செய்றது அதுதான். இது ரெண்டையும் ஒரே பேர்ல மரபணு மாத்தினது எண்டு சொல்றதுதான் குழப்பத்துக்கு வேர். ஒண்டு மருந்தக் குறைக்கிறதுக்கு, மத்தது மருந்த வசதியா அடிக்கிறதுக்கு. சோயாவுக்கு கிளைபோசேட் எண்ட களைக்கொல்லி அடிச்சு அடிச்சு அமெரிக்காவில கிளைபோசேட்டுக்குச் சாகாத கீரை இனக் களை வயல் வயலாப் பரவிக் கிடக்கு. கிளைபோசேட் பத்தி நம்மட நாட்டில சொல்லத் தேவையில்ல, உலக சுகாதார நிறுவனத்திட புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015ல அத மனிசருக்கு அநேகமாப் புற்றுநோய் வரவைக்கும் எண்ட பட்டியல்ல போட்டது, அதே வருசம் இலங்கை முழுக்கத் தடை வந்தது, 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் விட்டாங்க, 2022ல தடையையே எடுத்தாங்க. தெஹியத்தகண்டிப் பக்கம் சிறுநீரக வருத்தத்தால சனம் செத்துக்கொண்டிருக்க, காரணம் கிளைபோசேட்டா வேற ஒண்டா எண்டு அடிபாடு இன்னும் முடியல்ல.

நெல்லுக்கு இந்த வகை வந்தா நான் எதிர்ப்பன், காரணத்தையும் சொல்றன். வட்டைக்குள்ள களைநெல்லு நிக்குது, நெல்லு மாதிரியே இரிக்கும், கதிர் முத்த முன்னமே கொட்டிரும், புடுங்கி முடியாது. அது நெல்லுட சொந்தக்காரன், மகரந்தம் மாறும். அமெரிக்காவில கிளியர்ஃபீல்ட் எண்டு களைக்கொல்லி தாங்கிற நெல்லு விட்டாங்க, அது மரபணு மாத்தினதும் இல்ல, விதைக்கு ரசாயனம் காட்டி ஜீன்ல தற்செயலா மாற்றம் வரவச்சுத் தெரிவு செய்து எடுத்தது, கொஞ்ச வருசத்தில களைநெல்லுக்கும் அந்தக் குணம் போயிருச்சு. எப்பிடி எடுத்தாங்க எண்டத விட என்ன குணத்த, எந்தப் பயிருக்கு, எந்த மண்ணில வைக்கிறம் எண்டதுதான் கேள்வி. கத்தரிக்குப் புழுத் தாங்கிற ஜீன் எண்டா நான் யோசிப்பன், நெல்லுக்குக் களைக்கொல்லி தாங்கிற ஜீன் எண்டா வேணாம்.

சனம் ஏன் இவ்வளவு பயப்படுது? படிக்காததால எண்டு சொல்லிப்போட்டுப் போறது லேசு. அமெரிக்காவில 2015ல பியூ ஆய்வு நிலையம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில விஞ்ஞானிகளில 88 வீதம் பேர் மரபணு மாத்தின சாப்பாடு பயமில்ல எண்டாங்க, பொதுமக்களில 37 வீதம்தான் அப்பிடிச் சொன்னாங்க. படிச்ச நாட்டிலயே அப்பிடி. நம்மட ஆக்கள்ட பயத்துக்குப் பின்னால கணக்கு இரிக்கு. 2021ல ஒரே அறிவித்தல்ல ரசாயனப் பசளைய நிப்பாட்டினாங்க, ஆரையும் கேக்கல்ல, மே மாசம் வர்த்தமானி, நவம்பர்ல திரும்பி எடுத்தாங்க, அதுக்குள்ள பெரும்போகம் விதைச்சாச்சு. அந்தப் பெரும்போகம் நாட்டில நெல்லு விளைச்சல் முந்தின வருசத்த விட மூணில ஒரு பங்குக்கு மேல விழுந்திச்சு. படுவான்கரையிலயும் சம்மாந்துறையிலயும் வெள்ளாமை மஞ்சளாப் போய் நிண்டத நான் கண்ணால கண்டன், பெரிய வயல்க்காரப் போடியார்மாரே அரிசிக்கு வரிசையில நிண்ட காலம். மேல இருந்து ஒராள் வந்து இது நல்லம், இது கூடாது எண்டு சொன்னா நம்பேலாம இருக்கிறது அதாலதான். நாளைக்கு அதே ஆக்கள் மரபணு மாத்தின விதைய நல்லம் எண்டு கொண்டுவந்தாலும் சனம் நம்பாது, அந்தப் பழியச் சனத்தில போடேலாது.

நம்பிக்கை வரணும் எண்டா முதல் வேலை லேபல். இலங்கை 2001ல மரபணு மாத்தின உணவு இறக்குமதிய மொத்தமாத் தடை செய்யப் பாத்தது, வெளிநாட்டு வர்த்தக நெருக்கு வந்து அது நிண்டுபோச்சு. பிறகு 2006ல உணவுச் சட்டத்துக்குக் கீழ ஒழுங்குவிதி வந்து 2007 ஜனவரியில இருந்து நடைமுறை, அனுமதி இல்லாம இப்பிடிப்பட்ட சாப்பாட்ட இறக்கவோ விக்கவோ ஏலாது, ஒரு கூட்டுப்பொருள்ல 0.5 வீதத்துக்கு மேல இருந்தா லேபல்ல சொல்லணும். கடதாசியில நல்ல சட்டம், ஐரோப்பாவில 0.9 வீதம், நம்மட அத விட இறுக்கம். ஆனா சோயா மீட் பைக்கட்டத் திருப்பி அந்த வரி இருக்கா எண்டு பாத்தவங்க நம்மளில எத்தின பேர்? அப்பிடி ஒரு சட்டம் இரிக்கு எண்டே கனபேருக்குத் தெரியாது. குளிர்பான போத்தல்ல சீனிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சைப் புள்ளி 2016ல வந்த பிறகு எங்கட வீட்டுப் பிள்ளைகள் கூட "இது சிவப்பு" எண்டு சொல்லிப் பழகிட்டுதுகள். கண்ணுக்குப் படுற மாதிரி, தமிழ்ல, பெருசாப் போட்டா சனம் வாசிக்கும்.

உலகத்துப் பசியத் தீர்க்க இதுதான் வழி எண்டு ஒரு பக்கம் சொல்றாங்க, அதையும் நான் அப்பிடியே ஏத்துக்கொள்ளல்ல. கோல்டன் ரைஸ் எண்டு விட்டமின் ஏ குறைபாட்டுக்கு மரபணு மாத்தி எடுத்த அரிசி, இங்கோ பொட்ரிக்குஸும் பீட்டர் பேயரும் 2000ல அத அறிவிச்சாங்க, கொம்பனிக்கு லாபம் தேடி எடுத்தது இல்ல, குழந்தைகள்ட கண் பார்வைக்கு எண்டு எடுத்தது. பிலிப்பைன்ஸ் 2021லதான் விவசாயிக்கு அனுமதி குடுத்தது, 2024ல நீதிமன்றம் அத நிப்பாட்டினது. இருபத்திநாலு வருசம். அதுக்குள்ள எத்தின பிள்ளைகள் எண்டு நினைச்சா மனசு கனக்குது, அதே நேரம் முருங்கை இலையும் வல்லாரையும் பூசணியும் அந்தப் பிள்ளைகள்ட தட்டில ஏன் இல்ல எண்ட கேள்வியும் வருது.

நம்மட பக்கத்துப் பசிக்குக் காரணம் வெள்ளம், வரட்சி, உப்பு, நெல்லு விலை. 2011 ஜனவரி வெள்ளத்தில வட்டை வட்டையாப் பயிர் தண்ணிக்குக் கீழ போச்சு, அதுக்குப் பிறகும் எத்தின தரம். தண்ணிக்குக் கீழ ரெண்டு கிழமை மட்டில கிடந்தும் சாகாத நெல்லு இரிக்கு, ஸ்வர்ணா சப் 1, இந்தியாவில 2009ல விட்டாங்க, பழைய இந்திய நெல்லு ஒண்டில இருந்த ஜீன அடையாளம் பிடிச்சுக் கலந்து எடுத்தது, மரபணு மாத்தினது இல்ல. உப்புத் தாங்கிறதுக்கு நம்மட நாட்டிலயே ஏடி 354 இரிக்கு. இதுக்குக் கத்தவும் ஆள் இல்ல, எதிர்க்கவும் ஆள் இல்ல, அதால செய்தியும் இல்ல. இப்ப ஜீன வெளியில இருந்து கொண்டுவராம உள்ள இருக்கிற எழுத்தையே திருத்திற முறையும் வந்திட்டு, 2025 மே மாசம் இந்தியா அப்பிடி எடுத்த ரெண்டு நெல்லு இனம் அறிவிச்சது. அந்த நெல்லு எங்கட கரைக்கு வாற நேரம் கடையில கேட்டா மரபணு மாத்தினதா இல்லையா எண்டு ஆருக்கும் சொல்லத் தெரியாது, பழைய சட்டத்தில அதுக்கு இடம் இருக்கா எண்டும் தெளிவில்ல, இப்பவே யோசிக்க வேண்டியது அது.

இவ்வளவும் நான் மாமாவோட கிணத்துக் கட்டில இருந்து கதைச்சதுதான், ஒரே நாள்ல இல்ல, மூணு நாலு பின்னேரம். கடைசி நாள் அவர் கேட்டார், "அப்ப அந்த பங்களாதேஷ்க் கத்தரிய எங்கட ஆக்கள் சோதிச்சுப் பாக்கிறதுக்கு என்ன?" கரடியனாறு விவசாய ஆராய்ச்சி நிலையத்திலயோ வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலயோ ஒரு வேலி போட்ட துண்டில, விவசாயிகளக் கூப்பிட்டுக் காட்டி, எங்கட ஊர்க் கத்தரியோட பக்கத்தில பக்கத்தில நட்டுப் பாக்கலாம் எண்டு நான் சொன்னன், அதுக்குச் சட்டப்படி அனுமதி எடுக்கணும், இண்டைக்கு நினைச்சு நாளைக்கு நடக்காது எண்டும் சொன்னன். "அது வரைக்கும்?" எண்டு கேட்டார்.

சந்தைக்கு வெள்ளிக்கிழமை காய் போகணும். மாமி வீட்டுப் பாத்தியில ஆய்ஞ்ச கத்தரிக்காய் ஒரு பை நிறையக் கட்டித் தந்தா, புழு இருக்கும் பாத்து வெட்டு எண்டா. அவர் மூக்கில துவாயக் கட்டிக்கொண்டு மருந்து டாங்கிய முதுகில ஏத்தினார்.